என் முகம்தானே, எதற்குக் காசு?

இரண்டு மாதம் முன்பு ஏதோ ஒரு பதிலுக்கு நடுவில், ‘சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க்கில் போட்டோ கவுண்டரில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவள் நான்’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். நாத்தனார் சண்டை, நகை அடகு, சம்பந்தி வீட்டு மொய்க்கணக்கு எல்லாம் பின்னால் போய்விட்டன. ரைடு முடிந்து வெளியே வருகிற வழியில் வரிசையாக டிவி வைத்து நம் முகத்தையே நமக்குக் காட்டுவார்களே, அதைப் பற்றியே கடிதம் வருகிறது. இந்த இதழை அதற்கே கொடுத்துவிடுகிறேன். நாத்தனார்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும்.

அக்கா, லீவுக்குப் பிள்ளைகளோடு போயிருந்தோம். ரோலர் கோஸ்டரில் நாங்கள் நாலு பேரும் கத்துகிற படம் டிவியில் வந்தது. பிரின்ட் 350 ரூபாய் என்றார்கள். நான் போனை எடுத்து அந்த டிவியையே ஒரு படம் எடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண், ‘சார், எடுக்கக் கூடாது சார்!’ என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டாள். என் முகம், என் பிள்ளைகள் முகம். அதற்கு நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?
— எஸ்., சேலம்

முகம் உங்களுடையதுதான். படம்தான் உங்களுடையது இல்லை.

பார்க்குக்குப் போகும் முன்பு நான் சைதாப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் டச்சிங் வேலை, அதாவது படத்தில் இருக்கிற குறைகளைத் திருத்துகிற வேலை பார்த்தேன். அங்கே மாதம் ஒரு சண்டையாவது வரும். கல்யாணம் முடிந்து ஆறு மாதம் கழித்துப் பெண் வீட்டார் வந்து, ‘நெகட்டிவைக் கொடுங்கள்’ என்பார்கள். ‘அது எங்கள் சொத்து’ என்பார் எங்கள் முதலாளி. ஒருநாள் ஒரு வக்கீல் வீட்டுக் கல்யாணம் சிக்கியது. அவர் 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். ஒருவர் காசு கொடுத்து, ‘எனக்கு எடுத்துக் கொடு’ என்று சொல்லி எடுத்த போட்டோவாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை காசு கொடுத்தவருக்குத்தான். முதலாளி முகம் செத்துப்போயிற்று. அந்த ஜெராக்ஸை நான் வெகுநாள் வைத்திருந்தேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். ரோலர் கோஸ்டரில் ‘என்னை ஒரு படம் எடு’ என்று நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. தண்டவாளத்தின் ஓரம் ஒரு சென்சார் இருக்கும். வண்டி அதைக் கடந்ததும் கேமராவும் ஃபிளாஷும் தானாக அடிக்கும். அதை வைத்தது பார்க். பராமரிப்பதும் பார்க். நீங்கள் வாங்குகிற வரைக்கும் அது அவர்கள் கடையில் தொங்குகிற சரக்கு. துணிக்கடையில் புடவையை மேலே போட்டுக் கண்ணாடியில் பார்க்கலாம்; அதற்காகக் கட்டிக்கொண்டு வெளியே நடக்க முடியாது இல்லையா?

சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பிரதி எடுத்துக்கொள்ள அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. வீட்டில் பார்க்க ஒரு படம் எடுத்தேன் என்று நீங்கள் வாதாடலாம். நான் வக்கீல் இல்லை. அதைத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நிற்பது அவர்கள் இடம். ‘திரையைப் படம் எடுக்காதீர்’ என்று போர்டு வைத்திருந்தால் அங்கே அதுதான் விதி. கோர்ட்டுக்குப் போனால் யார் ஜெயிப்பார்கள் என்பது அந்த இடத்தில் உதவாது. இந்த 350 ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்குப் போகிறார்கள்?

சரி, அந்தப் பெண் ஏன் கத்தினாள் என்று சொல்கிறேன். அவள் தலைக்கு மேலே ஒரு கேமரா இருக்கும். உங்களைப் பார்க்க வைத்தது என்று நினைக்காதீர்கள், அவளைப் பார்க்க வைத்தது. இன்று எத்தனை வண்டி ஓடிற்று, எத்தனை பிரின்ட் விற்றது என்று சாயங்காலம் கணக்குக் கேட்பார்கள். நாங்கள் பயன்படுத்திய பிரின்டரில் மை கிடையாது, ரிப்பன். ஒவ்வொரு படத்துக்கும் மஞ்சள், மெஜன்டா, சயான் என்று மூன்று நிறம், கடைசியில் மேலே ஒரு கண்ணாடிப் பூச்சு. பேப்பர் நாலு தடவை உள்ளே போய் வரும். பார்த்திருப்பீர்கள், வெளியே வருவதும் திரும்ப உள்ளே போவதுமாக வேடிக்கை காட்டும். ஒரு சுருளுக்கு இத்தனை படம் என்று எண்ணி வரும் சரக்கு அது. பாதியில் கரன்ட் போய் ஒரு பிரின்ட் வீணானால்கூடக் கிழித்துப் போட முடியாது. அந்தக் கெட்ட பிரின்டைக் கவரில் போட்டு, ராத்திரி கணக்கோடு ஒப்படைக்க வேண்டும். வாடிக்கையாளர் ‘என் கண் மூடியிருக்கு, வேண்டாம்’ என்று போய்விட்டால் அதுவும் அந்தக் கவரில்தான். மாதக் கடைசியில் கவர் தடித்துப் போனால் எங்களுக்குப் பாட்டு.

இவ்வளவும் தெரிந்த நான் 350 ரூபாய் நியாயம் என்று சொல்லப் போவதில்லை. கொள்ளை. நான் சேர்ந்தபோது 120. அதையே ஜனங்கள் கேட்டுவிட்டு, ‘ஏம்மா, ஒரு குடும்பம் சாப்பிடலாமே’ என்பார்கள். சாப்பிடலாம்தான்.

அதனால் நான் சொல்வது இது. முதலில் போர்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கவுண்டரில் ஒரு வார்த்தை, ‘ஒரு படம் எடுத்துக்கட்டுமா தங்கச்சி’ என்று கேளுங்கள். கேட்டவர்களில் எத்தனை பேருக்கு நான் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன் என்று மேனேஜருக்குத் தெரிந்திருந்தால் அன்றே சீட்டைக் கிழித்திருப்பார். கேட்காமல் எட்டி எடுக்கிறவரைத்தான் கத்தத் தோன்றும். போர்டு இருந்தால் எடுக்காதீர்கள். டிஜிட்டல் காப்பி மட்டும் குறைந்த விலைக்கு உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் உண்டு, அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

காலேஜ் பசங்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒன்பது பேர் சேர்ந்து ஒரே ஒரு பிரின்ட் வாங்குவார்கள். வெளியே சிமென்ட் பெஞ்சில் அதை வைத்து ஒன்பது போனிலும் எடுத்துக்கொள்வார்கள். பிறகு பிரின்ட் யாருக்கு என்று சீட்டுக் குலுக்குவார்கள். அதற்கு நான் ஒன்றும் சொன்னதில்லை. ஒன்று விற்றதே.

நாங்கள் படத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். முன் வரிசையில் யாரோ ஒரு கணவன் மனைவி, ஒரு சின்னப் பெண் குழந்தை. இதை ஸ்டேட்டஸில் போடலாமா? கணவர் ‘காசு கொடுத்தாச்சு, என்ன வேணா பண்ணலாம்’ என்கிறார்.
— ஜே., தூத்துக்குடி

உங்கள் கணவர் வாங்கியது ஒரு பிரின்ட். அந்தக் குழந்தையை அவர் வாங்கவில்லை.

வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். ஆல்பத்தில் வையுங்கள். ஸ்டேட்டஸில் போடுவதானால் உங்கள் வரிசையை மட்டும் வெட்டிப் போடுங்கள். வெட்டினால் படம் நன்றாக இல்லை என்றால் அவர்கள் முகத்தில் ஒரு பூவோ பொம்மையோ ஒட்டுங்கள். போனில் அரை நிமிஷ வேலை. பெரியவர்கள் என்றால்கூட நான் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். குழந்தை என்றால் பேச்சே இல்லை.

எங்களுக்கு இதில் ஒரு பழக்கம் இருந்தது, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மேலே ரிப்பன் என்று சொன்னேனே, அது தீர்ந்த பிறகு வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அச்சான ஒவ்வொரு படமும் அதில் அப்படியே இருக்கும், பழைய நெகட்டிவ் மாதிரி. மஞ்சள் கட்டத்தில் ஒரு முகம், மெஜன்டா கட்டத்தில் அதே முகம். எந்த நிறம் எங்கே பேப்பருக்குப் போயிற்றோ அங்கே ரிப்பனில் வெளுத்திருக்கும். முதல் வாரம் நான் அதைச் சுருட்டி அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டேன். மறுநாள் பார்க்குக்குப் பின்னால் குப்பை பொறுக்குகிற ஒரு பையன் அதை நீளமாகப் பிரித்து, சினிமா ஃபிலிம் மாதிரி வெயிலில் காட்டி விளையாடிக்கொண்டிருந்தான். ‘அக்கா, பேய் படம்க்கா’ என்றான். வாயைத் திறந்து கத்துகிற முந்நூறு, நானூறு பேர். யார் வீட்டுப் பெண்களோ, குழந்தைகளோ. அன்றிலிருந்து தீர்ந்த ரிப்பனைக் கத்தரியால் நறுக்கித்தான் போடுவேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. கத்தரியும் என் வீட்டுக் கத்தரிதான்.

காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் என் ஃபிரெண்டும் (பையன்தான்) போனோம். வெளியே வந்தால் டிவியில் நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கத்துகிற படம். பக்கத்தில் எங்கள் தெரு ஆன்ட்டி நிற்கிறார்! அவர் போனைத் தூக்கி ஏதோ எடுத்தார். எங்களைத்தானா, அவர் குடும்பத்தையா என்று தெரியவில்லை. ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.
— பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

உன் பெயரும் ஊரும் எனக்கு வேண்டாம், கண்ணு. உன்னை மாதிரி வாரத்துக்கு ரெண்டு பேரையாவது பார்த்தவள் நான்.

ரைடு போகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த டிவி உங்களுக்காக மட்டும் வைத்தது இல்லை. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வைத்த சுவரொட்டி. அடுத்தவர் கத்துவதைப் பார்த்துச் சிரித்தால்தான் ‘நாமும் ஏறுவோம்’ என்று தோன்றும். எங்களிடம் எட்டு டிவி. ஒரு வண்டி வந்தால் பழைய படம் பக்கத்து டிவிக்குத் தள்ளிப்போகும். கூட்டம் குறைந்த நாளில் ஒரு படம் கால் மணி நேரம்கூட நிற்கும். கால் மணி நேரம் என்பது ஒரு தெரு ஆன்ட்டி ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு சாவகாசமாக வந்து பார்க்கப் போதும்.

அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன்: திரையில் நிற்கிற படம் வேண்டாம் என்றால் நேரே கவுண்டருக்குப் போய், ‘பதினேழாம் நம்பர் எங்களுது, எடுத்துடுங்க’ என்று சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு பட்டன். ஒரு தட்டு, படம் போய்விடும். ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்து, ‘மேடம்… மேடம்…’ என்று சொல்லும்போதே நான் தட்டிவிடுவேன். ஒருமுறை ஓடி வந்தவர் ஐம்பது வயது மனிதர். ஆபீஸுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவருடைய மேலதிகாரி குடும்பத்தோடு மூன்றாவது டிவி முன்னால் நிற்கிறார். மேலதிகாரி மட்டும் என்ன சொல்லிவிட்டு வந்தாரோ.

தண்ணீர் ரைடிலும் இதே. நனைந்த துணி, ஒதுங்கிய துப்பட்டா, தூக்கிய குர்தா. அப்படி ஒரு படம் வந்தால் உரியவர் கேட்கும் முன்பே எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் மூன்று பேருக்குள் எழுதாத ஒப்பந்தம். நீங்கள் போகிற இடத்தில் எடுக்காமல் விட்டிருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். மறுத்தால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். தனிநபர் தரவுக்கென்று 2023இல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. ஆனால் அதன் பெயரைச் சொல்லி வாக்குவாதம் முடிவதற்குள் பத்து வண்டி வந்துவிடும். ‘பொம்பளப் பிள்ளை படம், எடுத்துடும்மா’ என்பது வேகமாக வேலை செய்யும்.

உன் ஆன்ட்டி விஷயத்துக்கு வருகிறேன். அவர் எடுத்தது அவர் குடும்பப் படமாகத்தான் இருக்கும் என்று என் அனுபவம் சொல்கிறது. டிவிகள் ஒட்டி ஒட்டி இருக்கும். போனைத் தூக்கினால் எல்லாரும் பக்கத்து டிவியை எடுக்கிறார் என்றே தோன்றும். ஆனால் அவர் எடுத்தாரா இல்லையா என்று நீ போய்க் கேட்காதே. கேட்டால் இல்லாததும் உண்டாகும். தெருவில் பார்த்தால் எப்போதும் போல ‘நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி’ என்று கேள். அவர் ஒருவேளை வீட்டில் சொல்லிவிட்டால், நீ காலேஜுக்கு மட்டம் போட்டதற்கு மட்டும் பதில் சொல். அதுதான் உன் தப்பு. மற்றதற்கு நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆன்ட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பத்தியைப் படிப்பவர்களில் நீங்கள்தான் அதிகம், அது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் திரையில் பார்த்தால் பார்த்துவிட்டுப் போங்கள். போனைத் தூக்காதீர்கள். உங்கள் குடும்பப் படத்தைத் திரையிலிருந்து எடுத்தால் நான் விதியை மீறினீர்கள் என்பேன், அவ்வளவுதான். அந்தப் பெண் படத்தை எடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பினால் அதற்கு நான் வேறு வார்த்தை வைத்திருக்கிறேன். ஆசிரியர் அச்சிட மாட்டார்.

திரையைப் போனில் எடுத்தால் படம் முழுக்கக் கோடு கோடாக, அலை அலையாக வருகிறதே, பார்க் காரர்கள் ஏதாவது கருவி வைத்துத் தடுக்கிறார்களா?
— வி. கே., ஈரோடு

கருவியெல்லாம் இல்லை. ரெண்டு கொசுவலையை ஒன்றின் மேல் ஒன்று போட்டுப் பாருங்கள், அலை தெரியும். திரையும் புள்ளிகளால் ஆன வலை. உங்கள் போன் கேமராவுக்குள் இருப்பதும் வலை. ரெண்டும் சந்தித்தால் அலை. கறுப்புப் பட்டை வருவது வேறு காரணம்: திரை வினாடிக்குப் பல தடவை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, போன் கேமராவோ படத்தை வரி வரியாக மேலிருந்து கீழே எடுக்கிறது. ரெண்டுக்கும் தாளம் சேராவிட்டால் பட்டை விழும். கொஞ்சம் பின்னால் போய், போனை லேசாகச் சாய்த்து, ஜூம் பண்ணி எடுத்தால் குறையும்.

என் பழைய மேனேஜர் இதைப் படித்தால் என்னைச் சபிப்பார்.

மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அடுத்த மாதம் எங்களை டிஸ்னிலேண்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். அங்கே இந்தப் பட விஷயத்தில் எப்படி நடந்துகொள்வது? வெளிநாட்டில் போய் அசிங்கப்படக் கூடாது என்று பார்க்கிறேன்.
— டி. ஆர்., மதுரை

ஐயா, இந்தப் பட வியாபாரத்தில் அவர்கள் எங்களுக்குப் பாட்டன். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் முதல் நாளே அந்த டிஸ்னிலேண்டின் கதையைத்தான் சொன்னார். 1989இல் அங்கே ‘ஸ்பிளாஷ் மவுன்டன்’ என்று ஒரு மரக்கட்டைப் படகு ரைடு வந்தது. கடைசியில் 52 அடி உயரத்திலிருந்து சரேலென்று சறுக்கி விழும். விழுகிற நேரத்தில் கேமரா அடிக்கும். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கேமரா எங்கே என்று தெரிந்துகொண்டு போஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள். சீட்டு விளையாடுவது மாதிரி, பேப்பர் படிப்பது மாதிரி. அதோடு நின்றால் பரவாயில்லை. சில பெண்கள் சரியாக அந்த நொடியில் மேல்சட்டையைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு ‘ஃபிளாஷ் மவுன்டன்’ என்று கேலிப் பெயரே வந்துவிட்டது. திரைக்குப் போகும் முன்பு படங்களைப் பார்த்து வடிகட்ட ஆள் போட வேண்டியதாயிற்று. அப்படியும் சில படங்கள் வெளியே கசிந்து இன்டர்நெட்டில் சுற்றின.

பயிற்சியாளர் இதைச் சொல்லிவிட்டு, ‘உங்கள் வேலை படம் விற்பது மட்டும் இல்லை, வடிகட்டுவது’ என்றார். பன்னிரண்டு வருஷத்தில் எனக்குச் சொன்ன ஒரே உருப்படியான பாடம் அது. மற்றதெல்லாம் ‘சிரித்துக்கொண்டே விலை சொல்லு’ ரகம்.

அந்த ரைடு இப்போது அந்தப் பெயரில் இல்லை. 2023இல் மூடி, கதையை மாற்றி, 2024 நவம்பரில் ‘டியானாஸ் பையூ அட்வென்ச்சர்’ என்று திறந்திருக்கிறார்கள். சறுக்கல் அதேதான். நனைவதும் அதேதான், மாற்றுத் துணி எடுத்துப் போங்கள், அம்மாவுக்கும்.

படத்துக்கு இப்போது அங்கே பிரின்ட் வாங்க முண்டியடிப்பது குறைவு. திரையில் உங்கள் படத்துக்கு அருகே ஒரு எண் இருக்கும். அதை அவர்களுடைய ஆப்பில் போட்டால் படம் உங்கள் கணக்கில் வந்து உட்காரும். வரிசையைச் சுருக்குகிற பாஸ் ஒன்று விற்கிறார்கள்; அதை வாங்கினால் அன்றைய படங்களை இறக்கிக்கொள்வதும் அதில் சேர்த்தி. மகன் எப்படியும் அதை வாங்குவான், கேட்டுப் பாருங்கள். எண்ணை நினைவில் வைக்க அங்கே எல்லாரும் திரையைப் போனில் எடுப்பார்கள். அதற்காக வேறு பார்க்கிலும் அப்படியே செய்யலாம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலேயே திரைக்குப் பக்கத்தில் ‘படம் எடுக்காதீர்’ என்று ஒட்டியிருக்கிற பார்க்குகள் உண்டு.

அசிங்கப்படுவது படம் எடுப்பதால் வராது. திரைக்கு ஒட்டி நின்று, மகனைக் கூப்பிட்டு, சம்பந்தியைக் கூப்பிட்டு, வீடியோ காலில் மதுரையைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டே நின்றால் வரும். பின்னால் நிற்பவருக்குத் தன் எண் தெரிய வேண்டும், அவர் படம் தள்ளிப்போய்க்கொண்டிருக்கும். பாருங்கள், எண்ணை எடுங்கள், நகருங்கள். சிரிப்பதை வெளியே பெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். நம்மவர்கள் மட்டும்தான் இப்படி நிற்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே (அந்த வரியை வெட்டிவிட்டேன்), அது தப்பு. எங்கள் கவுண்டரில் மிக நீண்ட நேரம் மறைத்துக்கொண்டு நின்றவர்கள் ஒரு ஜெர்மன் குடும்பம். தாத்தாவின் பல்செட் காற்றில் பறக்கிற படம். நானும் சேர்ந்து நின்றேன்.

ரைடு போட்டோவில் நன்றாக விழ ஒரு டிப்ஸ் சொல்லுங்க்கா.
— பி., கும்பகோணம்

கேமராவைத் தேடாதீர்கள். தேடுகிறவர்கள் படத்தில் எல்லாரும் கடன்காரனைப் பார்த்த மாதிரி விழுவார்கள். முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்னால் இருப்பவர் முகத்துக்கும் சேர்த்து நீங்கள்தான் தெரிவீர்கள். கண்ணாடியைக் கழற்றி உள்ளே வையுங்கள். செல்ஃபி எடுக்கப் போனை மட்டும் கையில் வைத்திருக்காதீர்கள். அது பறந்து வந்து பின்வரிசைக்காரர் நெற்றியில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள்.

படம் வாங்க மறந்து வந்துவிட்டோம். மூன்று நாள் கழித்துப் போன் பண்ணினால் ‘அழித்துவிட்டோம்’ என்கிறார்கள். நிஜமாகவே அழித்துவிடுவார்களா?
— எம்., காரைக்கால்

எங்கள் இடத்தில் ராத்திரி கணக்கு முடித்ததும் அன்றைய படங்கள் போய்விடும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் சேருகிற படங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சில பார்க்குகள் சில நாள் வைத்திருக்கும். வாங்கப்போகிறீர்கள் என்றால் அன்றே, பார்க் மூடும் முன்பே வாங்குங்கள். உங்கள் படம் மூன்று நாள் கழித்தும் அங்கே இருந்திருந்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். மட்டம் போட்டுப் போன அந்தக் கண்ணு என்ன ஆகும்?

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் என்றைக்காவது அந்த ரைடில் போயிருக்கிறீர்களா?
— ஏ. எல்., புதுச்சேரி

ஒரே ஒரு தடவை. வேலையை விட்ட அன்று. பன்னிரண்டு வருஷமாக அது தலைக்கு மேலே தடதடவென்று ஓடுவதைக் கேட்டிருக்கிறேன், ஏறியதில்லை. முட்டி வலி வேறு. பிள்ளைகள் விடவில்லை, ‘அக்கா, இன்னிக்கு விட்டா எப்போ’ என்று தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டார்கள்.

கேமரா எந்த வளைவில் இருக்கிறது, எத்தனையாவது நொடியில் அடிக்கும் என்று எனக்கு மனப்பாடம். அழகாகச் சிரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இறங்கி வந்து பார்த்தால் படத்தில் என் கொண்டை மட்டும் இருக்கிறது. பயத்தில் தலையை மடியில் புதைத்துக்கொண்டிருக்கிறேன். கனகாம்பரம் நன்றாக விழுந்திருந்தது.

என் இடத்துக்கு வந்திருந்த புதுப் பெண்ணிடம், ‘போனில் ஒண்ணு எடுத்துக்கட்டுமாம்மா’ என்று கேட்டேன். அவள் மேலே கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ‘அக்கா, 250’ என்றாள். கொடுத்தேன். நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது.

இப்போது அது எங்கள் வீட்டு ஹாலில், காலண்டருக்குக் கீழே மாட்டியிருக்கிறது. என் கொண்டைக்குப் பின் வரிசையில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வாய் முழுக்கச் சிரித்துக்கொண்டு இருக்கிறார். யாரென்று தெரியாது. படத்திலேயே அவர்தான் நன்றாக விழுந்திருக்கிறார். பேத்தி அவருக்குக் ‘கட்டம் தாத்தா’ என்று பெயர் வைத்திருக்கிறாள். விருந்தாளிகள் வந்தால் முதலில் அவரைத்தான் அறிமுகப்படுத்துகிறாள்.